முறிவைச் சேர்த்ததோடு அனுப்பிவிடாதீர்கள்

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் கட்டுப் பிரித்தும் பிளேட் வைத்தும் மூட்டு மாற்றியும் அனுப்புகிறவர்கள் அடுத்து வந்து உட்காருவது எங்களைப் போன்றவர்கள் முன்னால்தான். நொறுங்கிப்போன மணிக்கட்டு எவ்வளவு நேராகக் கூடி வருகிறது, உடைந்த இடுப்போடு படுத்துக் கிடந்தவர் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எப்படிக் காலை ஊன்றுகிறார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான். உங்கள் கைவேலையின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 வயதைக் கடந்த ஒருவர், நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்து உங்களிடம் வந்தால், முறிவைச் சரிசெய்வதோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். அந்த எலும்பு அவ்வளவு எளிதில் ஏன் முறிந்தது என்று பாருங்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால், பார்க்கக்கூடிய இன்னொருவர் கையில் அவரை நேரடியாக ஒப்படையுங்கள்.

ஒரு மணிக்கட்டு முறிவை எடுத்துக்கொள்வோம். அந்த அம்மாவுக்கு 58 வயது இருக்கும். ஈரத் தரையில் கால் வழுக்குகிறது, கையை ஊன்றுகிறார், மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, 1814இல், ஆபிரகாம் காலிஸ் என்ற ஐரிஷ் மருத்துவர் கையின் வெளித்தோற்றத்தை வைத்தே விவரித்து எழுதிய அதே முறிவு. நீங்கள் இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறீர்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா கூடியிருக்கும்மா, இனி பயமில்லை" என்கிறீர்கள். சீட்டில் எந்தக் கை, எந்தத் தேதி, எத்தனை வாரம் கட்டு, வலி மாத்திரை, ஒரு மாதத்துக்குக் கால்சியம், பிசியோதெரபி என்று எழுதியிருக்கும். எங்களிடம் வரும்போது விரல்கள் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு இருக்கும். உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னால் மணிக்கட்டு திரும்பாது. தோளையும் உடம்பையும் சாய்த்துத் திருப்பிக் காட்டுவார். வாரக்கணக்கில் பழக்கி, விரல் மடங்கி, தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. அத்தோடு அந்தக் கோப்பு மூடப்படுகிறது.

அப்புறம் சில ஆண்டுகள் கழித்து அவரே வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இந்த முறை இடுப்பு. கூட வரும் மகள் கையில் பழைய காகிதங்கள் எல்லாம் வைத்த பிளாஸ்டிக் கவர். அதற்குள் அந்த மணிக்கட்டு எக்ஸ்ரேவும் இருக்கும். இரண்டு முறிவுகளுக்கும் இடையில் அவர் ரத்த அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்த்திருக்கிறார், கண் காட்டியிருக்கிறார், பல் பிடுங்கியிருக்கிறார். எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. இடையில் போன அத்தனை ஆண்டுகளும் அவரைக் காப்பாற்ற நமக்குக் கிடைத்த அவகாசம்.

இது எங்கோ ஒருவருக்கு நடப்பதில்லை. இடுப்பு முறிந்து வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்கு முன்பே மணிக்கட்டோ தோளோ முதுகெலும்போ முறிந்தவர்கள். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து மிக அதிகம். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதமுள்ள வாழ்நாளில் இத்தகைய முறிவு வருகிறது. இடுப்பு முறிவின் கனத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதே இல்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பதும், குளிக்க இன்னொருவர் கூட வருவதும்தான் அதன் பிறகு அவர்களுடைய நாள்.

ஏன் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். உங்கள் பக்கம், முறிவைச் சேர்ப்பது எங்கள் வேலை, எலும்புக்குள் இருக்கும் நோயைப் பொது மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். பொது மருத்துவரோ, எலும்பு டாக்டரிடமே போய் வந்துவிட்டார், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிடுகிறார். இருவருமே நியாயமாகத்தான் நினைக்கிறார்கள். நோயாளி இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். நோயாளிக்கும் சந்தேகம் வருவதில்லை. "வழுக்கி விழுந்தேன், அதனால முறிஞ்சது" என்று அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. விழுந்ததே போதுமான காரணமாகத் தெரிவதால் அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து விழுவதை ஆரோக்கியமான எலும்பு தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் எலும்பில் ஏதோ இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் நோயாளிக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை.

எலும்பு, வளர்ந்து முடிந்ததும் அப்படியே நின்றுவிடும் பொருள் இல்லை என்பதை நோயாளிகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு பக்கம் பழைய சுவரை இடிக்க ஒரு கூட்டமும், இடித்த இடத்தில் புதிதாகக் கட்ட இன்னொரு கூட்டமும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. 30 வயதையொட்டி எலும்பு தன் உச்சத்தைத் தொடுகிறது. அதற்குப் பிறகு இடிப்பது மெல்ல முந்துகிறது. மாதவிடாய் நிற்கும்போது, இடிப்பவர்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால், அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சிலருக்கு 20 சதவீதம் வரை எலும்பு போய்விடுகிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. முதல் அறிகுறியே முறிவுதான். அந்த முதல் அறிகுறியோடு அவர் வந்து நிற்பது உங்கள் முன்னால். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

என்ன கேட்க வேண்டும் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் எங்களிடம் பயிற்சிக்கு இடையே நோயாளிகள் தாமாகச் சொல்லும் விஷயங்கள் உங்கள் கோப்பில் இல்லாததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மூச்சிரைப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருப்பார். ஸ்டீராய்டால் எலும்பு குறைவது முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கிறது. இன்னொருவருக்கு 40 வயதிலேயே கருப்பையோடு சினைப்பையையும் எடுத்திருப்பார்கள். ஒருவருடைய அம்மாவுக்கும் வயதான காலத்தில் இடுப்பு முறிந்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ ஹார்மோனைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், வலிப்புக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனவர்கள் என்று வரிசையாக இருக்கிறார்கள். புகையும் மதுவும் கேட்டால்தான் வெளியே வரும். கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, பாராதைராய்டு என்று சில ரத்தப் பரிசோதனைகளிலேயே மறைந்திருக்கும் காரணம் பலருக்குத் தெரிந்துவிடும். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்கூடச் சிலரிடம் முதலில் எலும்பு முறிவாகத்தான் வெளிப்படுகிறது.

அடுத்தது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். சில நிமிடங்களில் முடிந்துவிடும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிட்டு அடர்த்தியைச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், என்று உலக சுகாதார அமைப்பு 1994இல் வரையறுத்தது. அது வந்ததும், மைனஸ் 2.5க்கு மேலே இருப்பவர்களெல்லாம் தப்பித்துவிட்டார்கள் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. "ஸ்கேன்ல லேசான குறைவுதானாம், ஒண்ணும் செய்ய வேண்டாமாம்" என்று, உடைந்த தோளோடு என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. மொத்த எண்ணிக்கையை எடுத்தால் முறிவுகளில் பெரும்பகுதி மைனஸ் 2.5ஐத் தொடாதவர்களிடம்தான் நடக்கிறது, ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் பேர். ஸ்கோர் எதுவாக இருந்தாலும், சாதாரணமாக விழுந்ததில் இடுப்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அதுவே சிகிச்சையைத் தொடங்கப் போதும் என்று இன்றைய வழிகாட்டுதல்களில் பலவும் சொல்கின்றன. அளவுகோலைவிட முறிவு பெரிய சாட்சி.

முதுகெலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். முதுகெலும்பு அமுங்கி முறிவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகிறது. ஒரு வாளியைத் தூக்கும்போது சுரீரென்று பிடித்திருக்கும், தைலம் தேய்த்துச் சில வாரத்தில் சரியாகியிருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் விழும். எங்களிடம் மணிக்கட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்களை நான் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்வேன். குதிகாலும் பின்புறமும் சுவரில் பட்டு, பின்தலை மட்டும் சுவரைத் தொட முடியாமல் எட்டி நின்றால் எனக்குக் கவலை வந்துவிடும். "முன்னாடி நீங்க எவ்வளவு உயரம்மா?" என்று கேட்பேன். இளம் வயதில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பல நேரம் அந்த எக்ஸ்ரேகூடப் புதிதாக வேண்டியதில்லை. சளிக்கோ அறுவை சிகிச்சைக்கு முன்போ எடுத்த மார்பு எக்ஸ்ரேவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால், அதிலேயே ஆப்பு வடிவத்தில் அமுங்கிய எலும்பு தெரியும். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எழுதி முடித்திருப்பார்கள். உயரத்தை அளக்கும் கோல் ஒன்று உங்கள் வெளிநோயாளிப் பிரிவின் சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு ஆண்டும் அளந்து எழுதி வைப்பதைவிட எளிய பரிசோதனை எனக்குத் தெரியாது.

சரி, மருந்துக்கு வருகிறேன். ஒரு மாதக் கால்சியம் மாத்திரையோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நோயாளி நினைத்துக்கொள்கிறார். கால்சியம் அடிப்படைத் தேவை, அதில் மறுப்பில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். அதில் முடிந்தவரை உணவிலிருந்து வருவது நல்லது, குறைகிறதை மட்டும் மாத்திரையில் சரிசெய்யலாம். வைட்டமின் டி குறைவாக இருப்பவருக்கு அதையும் ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஏற்கனவே எலும்பு முறிந்து வந்தவரை இவை இரண்டும் மட்டும் காப்பாற்றாது. 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பொதுவாக ஆரோக்கியமாக இருக்கும் நடுவயதினரும் முதியவர்களும் வைட்டமின் டி சாப்பிட்டதால் அவர்களுக்கு முறிவுகள் குறையவில்லை. குறைபாடு உள்ளவருக்குக் கொடுப்பது வேறு, எல்லோருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பது வேறு.

எலும்பைக் காக்கும் மருந்துகள் 1995இல் அலென்ட்ரோனேட் மாத்திரை வந்ததிலிருந்து நம் கையில் இருக்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு, 90 நாட்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் என்ற எலும்பு மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். அடுத்தடுத்த முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. மரணங்களும் 28 சதவீதம் குறைந்தன. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் வந்து போக வேண்டிய சிகிச்சை! எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்திவிடுமோ என்ற பழைய தயக்கத்துக்கும் அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பக்கவிளைவு பற்றிய பயம் நோயாளிகளிடம் நிறைய இருக்கிறது. தாடை எலும்பு பாதிக்கப்படுவதும், பல ஆண்டுகள் சாப்பிட்டபின் தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு வருவதும் உண்மைதான். ஆனால் அவை அரிது. மருந்து தடுக்கும் முறிவுகள் அவற்றைவிடப் பல மடங்கு. இதை நீங்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் நோயாளி கேட்பார். தொடையிலோ கவட்டையிலோ தொடர்ந்து வலி வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், பல் வேலை இருந்தால் முன்கூட்டியே முடிக்கச் சொல்லுங்கள். அலென்ட்ரோனேட் போன்ற வாராந்திர மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிட்டு, நெஞ்செரிச்சல் வந்து, தானாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை நடுவில் விட்டுவிட்டால், சேர்த்த எலும்பு சட்டென்று கரைந்து, சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறிகின்றன. "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடும் சுபாவம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஊசியை அப்படி நிறுத்தக் கூடாது, நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும் என்பதை முதல் ஊசி போடும் அன்றே நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த ஊசியின் தேதியை அவர்கள் கண்ணில் படும்படி பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இனி என் துறை. உங்களிடமிருந்து வரும் நோயாளிகள் பலர் சொல்லும் ஒரு வாக்கியம்: "கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." எத்தனை நாளைக்கு என்று கேட்டால் தெரியாது. முறிவு கூடும் வரைக்குமான அறிவுரையை அவர் ஆயுள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை, பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை. வீட்டாரும் "நீங்க உக்காருங்கம்மா" என்று பாசத்தோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். எலும்பு தன்மேல் விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் உறுப்பு. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்கள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பை இழக்கிறார்கள், அவர்கள் நல்ல உடற்கட்டு உள்ளவர்களாக இருந்தும். நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு எலும்பும் குறைகிறது, தொடைத் தசையும் மெலிகிறது. தசை மெலிந்தால் அடுத்த முறை தடுக்கும்போது காலை எட்டி வைத்துச் சமாளிக்க முடியாது. அடுத்த விழுகையை அந்த அறிவுரையே கொண்டுவந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கனமான எடைகளைத் தூக்கும் பயிற்சியையே கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார், எடையைப் படிப்படியாகத்தான் கூட்டினார்கள். அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. எல்லோரும் நாளைக்கே இரும்பைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே முதுகெலும்பு பல இடங்களில் அமுங்கியவருக்கு வேறு விதமாகத் தொடங்க வேண்டும். ஆனால் நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பதும் சரியில்லை. நடை இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. எலும்பைக் கெட்டியாக்க அதற்குமேல் பளு வேண்டும்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் முக்கியம். முதுகெலும்பு பலவீனமானவர் குனிந்து கால் விரலைத் தொடுவதும், படுத்திருந்து முதுகை வளைத்து எழும் வயிற்றுப் பயிற்சியும் ஆபத்து. 1984இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வில், முன்வளையும் பயிற்சி செய்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புதிதாக முதுகெலும்பு அமுங்கியது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது சிலருக்குத்தான் நடந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும் நோயாளிகள் எங்களிடம் வரும்போதுதான் எங்களுக்கே தெரிகிறது. முதுகெலும்பில் பழைய முறிவு இருக்கிறது என்று உங்கள் சீட்டில் ஒரு வரி இருந்தால், பயிற்சியை முதல் நாளிலிருந்தே வேறு மாதிரி அமைத்துவிடுவேன்.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம். இடுப்பு முறிவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுந்ததால் வருவது, அதிலும் பக்கவாட்டில் விழுவதால். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சி முறை, கால் வலுவும் சமநிலையும் சேர்ந்த எளிய பயிற்சிகள்தான், விழுவதை 35 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. நாங்கள் முதலில் பார்ப்பது ஒரு சின்ன விஷயம்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது? 15 நொடியைத் தாண்டினால் கால் வலு போதாது. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர்கள் இருக்கிறார்கள், இன்னும் அறுபதைத் தாண்டாதவர்களிலும்கூட. இதைச் செய்து பார்க்க உங்கள் அறையில் இருக்கும் நாற்காலியே போதும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எழுந்ததும் தலை சுற்றுகிறதா, கண்புரை முற்றியிருக்கிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

ஆண்களை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு வரும் நோய் என்று பேசிப் பேசியே, உடைந்த இடுப்போடு வரும் ஆணிடம் யாருக்கும் இந்தச் சந்தேகமே வருவதில்லை. இடுப்பு முறிவுக்குப் பிறகு இறப்பது ஆண்களில்தான் அதிகம்.

நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. காலை வெளிநோயாளிக் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1999இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 50 வயதைக் கடந்து முறிவோடு வரும் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் அடையாளம் கண்டு, எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் மருந்து தொடங்கவைத்து, தொடர்ந்து சாப்பிடுகிறாரா என்று விசாரிப்பார். அறுவை சிகிச்சை மருத்துவரின் வேலை அந்தப் பெயரைச் செவிலியரிடம் சேர்ப்பதோடு முடிந்துவிடும். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் அமைப்பு 2012 முதல் இதை உலகெங்கும் கொண்டுபோக ஒரு தனித் திட்டமே நடத்துகிறது. பெரிய மருத்துவமனை இல்லாத இடத்திலும் ஒரு செவிலியர், ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி இருந்தால் தொடங்கலாம். யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரை எழுதிவிட்டாலே பாதி வேலை நடந்துவிடும், ஏனென்றால் இன்று அது யாருடைய பெயரிலும் இல்லை.

இன்னொன்று, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும் அந்த மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு 35 வயது இருக்கும், மாதவிடாய் நிற்க இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருக்கும். அம்மாவின் எலும்பு பற்றித் தெரிந்துகொண்டால் அவர் தன்னுடையதைப் பார்த்துக்கொள்வார். உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு மதிப்பே தனி. நாங்கள் பத்து முறை சொல்வதும் நீங்கள் ஒருமுறை சொல்வதும் ஒன்றாகாது.

அடுத்த முறை கட்டுப் பிரித்து எங்களிடம் அனுப்பும்போது, சீட்டில் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: எலும்பு அடர்த்தி அளந்தாயிற்றா, எவ்வளவு; முதுகெலும்பில் பழைய முறிவு உண்டா; எலும்புக்கான மருந்து எது, எந்தத் தேதியில் தொடங்கியது. இவை இல்லாமல் வருகிறவர்களிடம் இனி நான் அதே மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பப் போகிறேன். அந்தத் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, கூட்டம் எவ்வளவு இருந்தாலும், தயவுசெய்து பதில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நோயாளிகளை மறுபடி நடக்கப் பழக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்